முன் பிரேக்

ஐஸ் கம்பெனி படித்துறைப் பக்கம்.
மீன் சந்தை மேட்டுக்கு அந்தப்புறம்.
நடுவில் மோல்மேனின் முதுகெலும்பாய்
பகோடாக்கள் உட்கார்ந்திருக்கும் குன்று.
ஏறுவதற்கு என் ஹோண்டா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.
இறங்குவதில்தான் வம்பு.

பின்னால் நாலு பாளம், உமிச்சாக்கு சுற்றி
பழைய டியூப்பால் இறுக்கியது.
கைப்பிடியை அழுத்தினால்
வண்டி யோசிக்கும். ஐஸ் யோசிக்காது.
பாரம் மொத்தமும் என் முதுகில் சாயும்,
முன் சக்கரம் குனிந்து வாங்கிக்கொள்ளும்.
அங்கே இருந்ததோ இருபது வருஷத்து டிரம்.
ஆடி மழையில் அதற்குள் தண்ணீர் புகுந்துவிட்டால்
பிரேக் என்பது வெறும் வேண்டுதல்.

போன மழையில் ஒருநாள்
ரோஸ் அங்கி போட்ட சின்னப் பிக்குணிகள்
வரிசையாய்ச் சாலையைக் கடந்தார்கள்.
செருப்பைத் தரையில் தேய்த்து நின்றேன்.
கடைசிப் பெண்ணுக்கும் என் மட்கார்டுக்கும் ஒரு சாண்.
திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.
எனக்கு ராத்திரிவரை சோறு இறங்கவில்லை.

பிச்சைமுத்து வந்தது ஒரு சனிக்கிழமை, கரண்ட் போன பிறகு.
பதினாலு மாதம் முன்னால்
என் ஒன்பது லட்சத்தோடு மியாவாடி பஸ் ஏறியவன்.
தோளில் சிமெண்ட் சாக்கு.
இறக்கியபோது இரும்புச் சத்தம்; காசுச் சத்தம் இல்லை.
ஃபோர்க் கால் ஒன்று, ஹப், டிஸ்க்,
காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், பாம்பாய்ச் சுருண்ட ஹோஸ்,
தாய்லாந்து வண்டி எதிலிருந்தோ கழற்றியது.
அக்கா என்று கூப்பிடவில்லை.
"முன்னாடி பிரேக்கு" என்றான்.
கொஞ்சம் கழித்து, "ஒரிஜினல்."
சோறு போட்டேன். பேசவில்லை.

விடிந்ததும் பீர் கிரேட் ஒன்றை எஞ்சினுக்கு அடியில் கொடுத்து
டிரம்மைக் கழற்றினான்.
கேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்:
ஏழு இழையில் நாலுதான் மிச்சம்.
மற்ற மூன்றும் எந்தெந்த இறக்கத்தில் அறுந்தனவோ,
ஒருவருக்கும் சொல்லாமல்.
புது டிஸ்க் புதிதில்லை.
யாரோ எங்கோ எதற்கோ நின்ற கோடுகள்
அதன்மேல் வட்டம் வட்டமாய்.

மாட்டியாயிற்று. ஆனால் ஹோஸுக்குள் காற்று.
எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும்;
அது உள்ளே இருக்கிறவரை கைப்பிடி பொய்தான் சொல்லும்.
ஒற்றை ஆளுக்கு நடக்கிற வேலையுமில்லை.
மேலே ஒருத்தர் அழுத்திப் பிடிக்க
கீழே ஒருத்தர் திருகைத் திறந்து மூட வேண்டும்.
மூடும் முன்னே விட்டால் வெளிக்காற்று உள்ளே.

"அழுத்து" என்றான் தரையில் உட்கார்ந்து.
அழுத்தினேன்.
"பிடி."
பிடித்தேன்.
"விடு."
பதினாலு மாதத்துக்குப் பிறகு எங்கள் பேச்சு இவ்வளவுதான்,
இதையே நாற்பது தடவை.
தண்ணீர் பாட்டிலுக்குள் விட்ட குழாயில்
பெரிய குமிழி, பொடிக் குமிழி, நுரை,
கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை,
முடிந்தது என்று நினைக்கையில் இன்னொன்று.

"மியாவாடியில என்னடா ஆச்சு?"
"பிடி, பிடி, விட்டுறாத."
பிடித்துக்கொண்டே நின்றேன்.
கை வலித்தது. பதில் வரவில்லை.
திருகை மூடிய பிறகும் அவன் தலை நிமிரவில்லை.

பத்து மணி வாக்கில் கைப்பிடி கல்லாகிவிட்டது.

திங்கள் காலை அதே இறக்கம், அதே நாலு பாளம்.
பழைய பயத்தில் நாலு விரலாலும் இழுத்தேன்.
வண்டி நின்றது. ஐஸ் நிற்கவில்லை.
டியூப்பை நழுவவிட்டு ஒரு பாளம்
என் தோளை உரசிக்கொண்டு போய்
தார் ரோட்டில் ஆயிரம் சில்லாயிற்று.
நாய்கள் நக்க வந்தன.
சிரிப்பு வந்துவிட்டது. யாரும் இல்லை என்றுதான் சிரித்தேன்.

பெட்ரோல் பாட்டில் விற்கிற கடை மறைவிலிருந்து
லுங்கியை இறுக்கியபடி வந்தான்.
"பிடிக்குதா?"

நம் பாஷையில் அதற்கு இரண்டு அர்த்தம்.
"பிடிக்குது" என்றேன்,
பிரேக்கை மட்டும் சொல்கிற குரலில்.

"ரெண்டு விரல் போதும்க்கா."

மீதி மூன்று பாளத்தையும் அவிழ்த்து
திரும்பக் கட்ட ஆரம்பித்திருந்தான்.
சாமானுக்குக் கழித்தது போக ஆறு லட்சம் பாக்கி.
சாயங்காலம் கேட்க வேண்டும்.